ஆடிப்போன படத்துக்குள் ஒரு சாட்சி

இரவில் எடுத்து ஆடிப்போன படம் ஒன்றாவது உங்கள் கைபேசியில் இருக்கும். அழிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். படத்தில் எங்காவது ஒரு சின்ன விளக்கு தெரிந்தால் அதை விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளியாக இருக்க வேண்டியது புள்ளியாக இருக்காது. மேலே ஏறும் ஒரு கோடு, அதன் நுனியில் ஒரு வளைவு, பிறகு பாதி வழி திரும்பி வந்ததுபோல ஒரு சின்னக் கொக்கி. சரி, இப்போது பக்கத்து விளக்கைப் பாருங்கள். அதே கோடு, அதே வளைவு, அதே கொக்கி.

என்னிடம் அப்படி ஒரு படம் இருக்கிறது. பினாங்கு லெபோ குயீனில், மகா மாரியம்மன் கோயில் வாசலில், தைப்பூசத்துக்கு முந்திய நாள் விடியலுக்கு முன் எடுத்தது. தங்க ரதம் புறப்படக் காத்திருக்கும் நேரம். தெருவுக்குக் குறுக்கே கட்டியிருந்த சீரியல் பல்புகள் வரிசையாக விழுந்திருக்கின்றன. ஒவ்வொரு பல்புக்கும் ஒரே மாதிரி வால். வாலின் தொடக்கம் செங்குத்தாக மேலே போகிறது. காரணம் என் ஆள்காட்டி விரல். பட்டனை அழுத்தும்போது கேமரா ஒரு மயிரிழை கீழே சாயும். கேமரா கீழே சாய்ந்தால் படத்தில் விளக்கு மேலே ஏறும். வளைவில் கோடு கொஞ்சம் வெளிச்சமாக இருக்கிறது. கை அந்த இடத்தில் சற்று நின்று திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். ஓரத்தில் உள்ள பல்புகளின் வால் நடுவில் உள்ளதைவிட லேசாகக் கோணியிருக்கிறது. அப்படியென்றால் கேமரா சாய்ந்ததோடு நிற்காமல், ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல ஒரு துளி சுழன்றும் இருக்கிறது. ஷட்டர் திறந்திருந்த அந்தக் கால் விநாடியில் என் கை என்ன செய்தது என்பது எனக்கே தெரியாது. பல்புக்குத் தெரியும்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், படம் ஆடாமல் காப்பாற்றவும், ஆடியதைச் சரி செய்யவும் இன்றைக்கு ஏகப்பட்ட வித்தைகள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு 'டெக்னாலஜி' என்கிறோம். என் கணக்கில் அவை இரண்டு சாதி. கை எப்படி ஆடியது என்று அளந்து பார்த்து வேலை செய்பவை ஒன்று. அளக்காமல், இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து எழுதுபவை மற்றொன்று. முதல் சாதியை நான் நம்புகிறேன். இரண்டாவதிடம் தெரிந்தவர்களின் முகத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

முதலில், கை எவ்வளவு ஆடினால் படம் கெடும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும். கேமராவுக்குள் வெளிச்சம் விழும் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலம், அதில் குறுக்கே 6,000 பிக்சல் என்றால், ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரான். 50 மி.மீ. லென்ஸ் மாட்டியிருந்தால், கேமரா 0.007 டிகிரி திரும்பினாலே காட்சி ஒரு பிக்சல் தள்ளிப் போய்விடும். 200 மி.மீ. லென்ஸ் என்றால் அதில் நாலில் ஒரு பங்கு போதும். நோய்நொடி இல்லாத மனிதக் கையே விநாடிக்கு 8 முதல் 12 முறை மெல்ல நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதன்மேல் மூச்சு, இதயத் துடிப்பு, பின்னாலிருந்து இடிக்கும் கூட்டம், பக்கத்தில் அதிரும் உறுமி மேளம்.

பிலிம் காலத்தில் இதற்கு ஒரு வாய்ப்பாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. 50 மி.மீ. லென்ஸுக்கு ஷட்டர் 1/50 விநாடிக்குக் குறையக் கூடாது, 200க்கு 1/200. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள், சுவரில் சாய்ந்துகொள், மூச்சைப் பாதி விட்டு நிறுத்து, பட்டனைக் குத்தாதே, அமுக்கு. இதெல்லாம் பழைய ஸ்டூடியோக்காரர்கள் தம்பிமார்களுக்குச் சொல்லிக் கொடுத்தவை, இப்போதும் பலிக்கும். டிரைபாட் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் ஜாலான் டத்தோ கிராமாட்டில் தைப்பூசத்தன்று டிரைபாடை விரித்துப் பாருங்கள். ரதம் வருவதற்கு முன் சாலையில் தேங்காயை மலைமலையாகக் குவித்து உடைப்பார்கள். சிதறும் ஓட்டுக்கும், தடுக்கி விழப்போகும் பாட்டிகளுக்கும் நடுவில் மூன்று காலை ஊன்றி நிற்பது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

ஆக, கையில் பிடித்தே எடுக்க வேண்டும். இங்கேதான் கையின் ஆட்டத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசர் வருகிறது. பெயர்கள் பல. கேனன்காரர்கள் ஐஎஸ் என்பார்கள், நிக்கான்காரர்கள் விஆர். வேலை ஒன்றுதான். சாதாரண மக்கள் வாங்கக்கூடிய ஸ்டில் கேமராவில் இதை முதலில் கொண்டுவந்தது நிக்கான். 1994இல் வந்த ஜூம் 700விஆர் என்ற பிலிம் கேமரா அது. அடுத்த வருடமே, கழற்றி மாட்டும் லென்ஸ்களில் முதலாவதாக, கேனனின் 75-300 மி.மீ. ஐஎஸ் லென்ஸ் வந்தது. இரண்டிலும் நகர்ந்தது லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடி. மினோல்டாக்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். கண்ணாடியை ஏன் நகர்த்த வேண்டும், சென்சாரையே நகர்த்தினால் எந்த லென்ஸை மாட்டினாலும் பலன் கிடைக்குமே என்று. 2003இல் டிமாஜ் ஏ1, 2004இல் கோனிகா மினோல்டாவின் 7டி. 2006இல் அந்தக் கேமரா வியாபாரம் சோனி கைக்குப் போனது. 2012இல் ஒலிம்பஸ் ஈ-எம்5 ஐந்து வகை அசைவுகளைச் சேர்த்துச் சமாளித்தது: மேல்-கீழ் சாய்வு, இட-வலத் திருப்பம், சுழற்சி, மேல்-கீழ்த் தள்ளல், இட-வலத் தள்ளல்.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள, தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் பால்குடம் எடுத்து ஏறுபவரை நினைத்துக்கொண்டால் போதும். உடம்பு ஆடுகிறது, கால் தடுமாறுகிறது, தலையிலிருக்கும் குடம் மட்டும் அலுங்காமல் போகிறது. உடம்பு இடது பக்கம் சாய்ந்ததைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்ந்து சொல்ல, கழுத்து அதே அளவு வலது பக்கம் ஈடுகட்டுகிறது. கேமராவில் காதுக்குப் பதில் கைரோ. அது ஒரு துளியூண்டு சிப். அதற்குள் இடைவிடாமல் அதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு நுண்ணிய அமைப்பு. கேமரா திரும்பும்போது கொரியோலிஸ் விசை அந்த அதிர்வைப் பக்கவாட்டில் இழுக்கும். எவ்வளவு இழுத்தது என்று பார்த்தால் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று தெரிந்துவிடும். உடனே ஒரு சுருளில் மின்சாரம் பாய்ந்து, காந்தத்தின் உதவியோடு கண்ணாடியோ சென்சாரோ எதிர்ப்பக்கம் நகரும். கைபேசியில் லூமியா 920 இதை 2012இலேயே கொண்டுவந்தது. ஐபோனில் 2014இன் 6 பிளஸில் வந்தது. சென்சாரையே நகர்த்தும் வகை 2020இன் 12 புரோ மேக்ஸில்.

பலனை 'ஸ்டாப்' கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டரை இரண்டு மடங்கு நேரம் திறந்து வைக்கலாம். 5 ஸ்டாப் என்றால் 32 மடங்கு. 1/200 தேவைப்பட்ட இடத்தில் 1/6 விநாடி போதும். பெட்டியில் போடும் எண்ணிக்கை சோதனைக்கூடத்தில் இயந்திரத்தை வைத்து ஆட்டிப் பார்த்து எடுத்தது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. தெருவில் என் கைக்கு அதில் ஒன்றிரண்டைக் கழித்துக்கொள்கிறேன்.

இந்த எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு என்று 2016இல் ஒலிம்பஸ் தரப்பில் ஒரு விளக்கம் வந்தது. அந்த வருடம் அவர்கள் காட்டிய எண் 6.5. அதற்குமேல் போகவிடாமல் தடுப்பது பூமி சுழல்வது என்றார்கள்! முதலில் படித்தபோது விளம்பரப் பேச்சு என்றுதான் நினைத்தேன். கணக்குப் போட்டால் சரியாகத்தான் வருகிறது. பூமி மணிக்கு 15 டிகிரி, அதாவது விநாடிக்கு 0.004 டிகிரி சொச்சம் சுழல்கிறது. கைரோவுக்கு அதுவும் ஒரு திருப்பம்தான். ஆனால் எதிரே நிற்கும் ரதமும் கோயிலும் அதே பூமியோடு சேர்ந்துதான் சுழல்கின்றன. காட்சியில் எந்த அசைவும் இல்லை. கைரோவை அப்படியே நம்பினால் இல்லாத அசைவுக்கு ஈடுகட்டி, அதுவே படத்தை ஆட்டிவிடும். முன்னால் சொன்ன 200 மி.மீ. லென்ஸில் ஒரு விநாடிக்கு இரண்டு பிக்சலுக்கு மேல். அந்த எல்லையும் பிறகு தாண்டப்பட்டது. 2020இல் கேனன் ஆர்5 சில லென்ஸ்களோடு 8 ஸ்டாப் என்று வந்தது. ஆனாலும் ஒரு கேமரா பூமியின் சுழற்சியோடு மல்லுக்கட்டும் அளவுக்கு வந்துவிட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கப்சாய் மோட்டார்சைக்கிளின் ஹேண்டில்பாரில் கைபேசியை மாட்டி வழி பார்த்துக்கொண்டே ஓட்டுவது இங்கே எல்லாரும் செய்வதுதான். சக்திவாய்ந்த மோட்டார்சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஏறிப் படக்கருவியின் ஸ்டெபிலைசரைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் 2021இல் தன் உதவிப் பக்கத்தில் எழுதியது. சின்ன ஸ்கூட்டருக்கும்கூட அதிர்வைத் தாங்கும் மவுண்ட் போடச் சொல்லியிருந்தது. காரணம் விளங்குகிறது அல்லவா? மயிரிழை அசைவை உணர்ந்து நகர்வதற்காகச் செய்த பாகத்தை நாள் முழுக்க உலுக்கினால் அது எத்தனை நாளைக்குத் தாங்கும். உணவு டெலிவரி செய்யும் தம்பிகள் யாராவது 'படம் எடுத்தால் ஏதோ ஆடுது, கேமராவில் விர்ரென்று சத்தம் வருது' என்றால் நான் முதலில் கேட்பது மவுண்டைப் பற்றித்தான்.

கல்யாண வீட்டுப் படக்காரர்களுக்குத் தெரிந்த இன்னொரு குறை. தாம்பாளத்தில் வைத்த தாலியைக் கிட்டப்போய் எடுக்கும்போது ஸ்டெபிலைசர் அவ்வளவாக உதவாது. தூரத்துக் காட்சியைக் கெடுப்பது கேமராவின் திருப்பம். கிட்டத்துக் காட்சியைத் திருப்பத்தோடு சேர்ந்து பக்கவாட்டு நகர்வும் கெடுக்கும், அதைக் கைரோவால் பார்க்க முடியாது. 2009இல் வந்த கேனனின் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் இதற்கென்றே தனியாக முடுக்கத்தை அளக்கும் சென்சார் ஒன்றைச் சேர்த்தார்கள். அளக்கும் கருவி எதைப் பார்க்கிறதோ அதை மட்டும்தான் அது திருத்தும்.

அதனால்தான் ஸ்டெபிலைசர் காவடிக்கு ஒன்றும் செய்யாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. புதிதாக விலை உயர்ந்த கேமரா வாங்கியவர், உறுமிக்கு ஆடும் காவடியை 1/15 விநாடியில் எடுத்துவிட்டு, 'ஸ்டெபிலைசர் சரியில்லை' என்பார். பின்னால் இருக்கும் பந்தலைப் பாருங்கள் என்பேன். பந்தலின் தோரணம் ஒவ்வொரு இலையாகத் தெரியும். கேமரா ஆடவில்லை, ஆடியவர் காவடி எடுத்தவர். அவர் ஆடத்தான் செய்வார். அதை நிறுத்த ஷட்டர் வேகம் வேண்டும், 1/250க்குக் குறையாமல். அந்த வேகத்தில் இரவில் எடுக்க ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனை, ஏற்ற வேண்டும். இப்போதைய சென்சார்கள் 6400 வரை ஏற்றினாலும் நாய்ஸ் எனும் பொடிப் புள்ளி பொறுத்துக்கொள்ளும் அளவில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், தைப்பூச இரவுப் படங்களை மாற்றியது ஸ்டெபிலைசரைவிட ஐஎஸ்ஓதான். புகழ் மட்டும் ஸ்டெபிலைசருக்குப் போய்விட்டது.

சரி, எல்லாம் செய்தும் படம் ஆடிவிட்டது. எடுத்தது எடுத்ததுதான், அந்தக் கணம் திரும்பி வராது. இனி?

மறுபடி பல்புக்கு வருவோம். ஒரு பல்பு கொக்கியாக மாறியிருக்கிறது என்றால், படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியும், ரதத்தின் ஒவ்வொரு மினுக்கமும், கூட்டத்தில் நிற்பவரின் ஒவ்வொரு முடியும் அதே கொக்கியாக மாறி ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கிறது. மங்கல் என்பது அவ்வளவுதான். தகவல் முழுக்க அழிந்துவிடவில்லை, ஒரே முறையில் கலைக்கப்பட்டிருக்கிறது. கலைத்த முறை தெரிந்தால் கணக்கைப் பின்னோக்கிப் போடலாம். வில்லியம் ரிச்சர்ட்சன் 1972இலும் லியோன் லூசி 1974இலும் தனித்தனியாகக் கண்டுபிடித்த ஒரு வழி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. முதலில் ஏதோ ஒரு படத்தை வைத்துக்கொள். அதை அந்தக் கொக்கியால் கலைத்துப் பார். கிடைத்தது நிஜ மங்கல் படத்தோடு எங்கே ஒத்துப்போகவில்லை என்று பார்த்துத் திருத்து. மறுபடி கலை, மறுபடி திருத்து.

இதை வானியல்காரர்கள்தான் முதலில் முழு மூச்சாகப் பயன்படுத்தினார்கள். 1990இல் ஹப்பிள் தொலைநோக்கியை மேலே அனுப்பிய பிறகுதான் அதன் கண்ணாடியின் ஓரம் சுமார் 2 மைக்ரான் தப்பாகத் தேய்க்கப்பட்டிருந்தது தெரிந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும்வரை, கீழே கணினியில் இந்தக் கணக்கைப் போட்டே படங்களை மீட்டார்கள். அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி விளக்கு. அது எப்படிச் சிதறியிருக்கிறது என்று பார்த்தாலே கலைத்த முறை தெரிந்துவிடும். லெபோ குயீனில் எனக்குக் கிடைத்த சாட்சியும் அதே வகைதான்.

பகலில் எடுத்த படத்தில் புள்ளி விளக்கு ஏது? 2006இல் ராப் ஃபெர்கஸும் அவருடைய கூட்டாளிகளும் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொன்னது. படம் ஒன்றுதான், கை எப்படி ஆடியது என்ற குறிப்பு எதுவும் கிடையாது. இரண்டையும் ஒரே நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டும். கேட்டாலே நடக்காத காரியம் என்று தோன்றும். அவர்கள் பிடித்துக்கொண்டது உலகத்துக் காட்சிகளின் ஒரு பொதுக் குணத்தை. நல்ல படம் எதை எடுத்தாலும் பெரும்பகுதி வழுவழுவென்று இருக்கும். சுவர், வானம், சட்டை. இடையிடையே சில இடங்களில் மட்டும் சட்டென்று கூர்மையான விளிம்பு. ஆடிய படத்தில் இந்த விகிதம் கெட்டுவிடுகிறது. எந்தக் கொக்கியை எடுத்துவிட்டால் விகிதம் பழையபடி ஆகும் என்று தேடினார்கள். கொக்கி கிடைத்ததும் கடைசிக் கட்டத்தில் அதே ரிச்சர்ட்சன்-லூசி கணக்குதான். இதுவும் ஊகம்தானே என்று கேட்கலாம். ஊகம்தான். ஆனால் ஊகித்தது கையின் பாதையை மட்டும், முகத்தை அல்ல. அந்தப் பாதை தப்பாக இருந்தால் படம் முழுக்கக் கெட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

2011இல் அடோபி தன் மேடையில் இதே வகை வித்தை ஒன்றைக் காட்டியபோது அரங்கமே வாய்விட்டு வியந்த காணொளி பரவலாகச் சுற்றியது. காட்டிய படங்களில் ஒன்று செயற்கையாக மங்கலாக்கப்பட்டது என்று நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது. 2013இல் அது போட்டோஷாப்பில் ஒரு ஃபில்டராக வந்தது. மேடையில் கண்டதில் கால்வாசியாவது கிடைத்தால் அதிர்ஷ்டம். ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கூர்மை வரும், கூடவே ஒவ்வொரு விளிம்புக்கும் பக்கத்தில் அலை அலையாக ஆவி மாதிரி நிழலும் வரும். கொக்கியைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் வரும், நாய்ஸ் அதிகமாக இருந்தாலும் வரும். பல்பு ரொம்ப வெளிச்சமாக இருந்து சென்சார் நிரம்பி வெள்ளையாகிவிட்டால் அதைச் சுற்றி நிச்சயமாக வரும், ஏனென்றால் அந்த இடத்தில் சாட்சியே அழிந்துவிட்டது. பெரிய பல்பை விட்டுவிட்டு, தூரத்துக் கடைக்குள் எரியும் சின்ன விளக்கின் தடத்தை எடுப்பது அதனால்தான். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இது எதுவும் வேலைக்கு ஆகாது. அழுத்திச் சுருக்கியதில் தடம் கரைந்து போயிருக்கும்.

2010இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஒரு கேமராவின்மேல் கைரோவையும் முடுக்கமானியையும் கட்டிவைத்து, ஷட்டர் திறந்திருக்கும்போது கை போன பாதையைப் பதிவு செய்து, அதை வைத்தே மங்கலை நீக்கிக் காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அதுதான். ஒவ்வொரு கைபேசியிலும் கைரோ இருக்கும் இந்தக் காலத்தில், படத்தோடு சேர்த்து அந்தப் பாதையையும் கோப்பில் போட்டு வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. எத்தனையோ தேவையில்லாத விவரத்தைப் போட்டு வைக்கிறார்கள்.

கைபேசிகள் வேறு வழியில் போயின. ஷட்டரை நீண்ட நேரம் திறந்து எடுக்கும் ஒரு படத்துக்குப் பதில், கொஞ்ச நேரமே திறந்து எடுக்கும் பல படங்கள். 2018இல் கூகுள் பிக்சலில் வந்த இரவுப் பயன்முறை 15 படங்கள் வரை எடுக்கும். கை எவ்வளவு ஆடுகிறது, காட்சி எவ்வளவு அசைகிறது என்று முன்கூட்டியே பார்த்து, ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு நேரம் என்று தீர்மானிக்கும். பிறகு சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு நகர்த்திச் சேர்க்கும். எந்தக் கட்டத்தில் யாரோ கையை அசைத்துவிட்டாரோ அதைச் சேர்க்காது. இதையும் நான் அளக்கும் சாதியில்தான் வைக்கிறேன். சேர்ந்தது எல்லாமே அந்த இடத்தில் நிஜமாக விழுந்த வெளிச்சம்.

அப்புறம் வந்தவைதான் என்னை யோசிக்க வைக்கின்றன. 2022இல் பிக்சல் 7உடன் வந்த ஃபோட்டோ அன்பிளர் போன்றவையும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் முகத் திருத்திகளும். லட்சக்கணக்கான தெளிவான முகங்களைப் பார்த்துப் பழகிய ஒரு செயற்கை நுண்ணறிவு நெட்வொர்க், மங்கலான முகத்தைக் கண்டதும் 'இந்த மாதிரி மங்கலுக்குப் பின்னால் வழக்கமாக இந்த மாதிரி முகம் இருக்கும்' என்று வரைகிறது. கொக்கியைத் தேடுகிற வேலை இல்லை. அலை நிழல் இல்லை. குறை தெரியாது, அதுதான் குறை. இதன் ஒன்றுவிட்ட சகோதரன் ஒன்று 2020இல் பெரிய சர்ச்சையில் மாட்டியது. குறைந்த பிக்சல் முகங்களைத் தெளிவாக்கும் பல்ஸ் என்ற கருவியிடம் பராக் ஒபாமாவின் படத்தைக் கட்டம் கட்டமாக்கிக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது ஒரு வெள்ளைக்காரர். பழகிய முகங்கள் எந்த ஊர்க்காரர்களுடையவையோ அந்த ஊர் ஜாடையில்தான் அது ஊகிக்கும். நம் சனத்தின் நிறமும் மூக்கும் அதற்கு எவ்வளவு பழக்கம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டில் மேல் மாடியில் இருக்கும் அக்கா ஒருவர், இறந்துபோன தன் அப்பாவின் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய கைபேசியில் எடுத்தது, நல்லவேளையாக மூலக் கோப்பே இருந்தது. ஜாலான் உத்தாமாவில் இரவு ரதத்துக்காகக் காத்திருந்தபோது அப்பா எதற்கோ சிரிக்கிறார். படம் ஆடியிருக்கிறது. பெரிதாக்கி மாலை போட்டு மாட்ட வேண்டும் என்றார். அவருடைய மகன் ஏற்கெனவே ஒரு செயலியில் போட்டுத் தெளிவாக்கியிருந்தான். அதையும் காட்டினார். பிரமாதமாக இருந்தது. கண்ணில் வெளிச்சம், ஒவ்வொரு புருவ முடியும் தனித்தனியாக, பல் வரிசை முத்து முத்தாக.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, அப்பாவுக்கு முன்பல்லுல சந்து இருக்கும். சிரிச்சா அதுதான் முதல்ல தெரியும். அது எங்க போச்சு?"

மூலப் படத்தைத் திறந்து பின்னால் பந்தலில் எரிந்த சின்ன விளக்கு ஒன்றைப் பெரிதாக்கினேன். தடம் இருந்தது, இடது பக்கம் நீண்டு கீழே மடங்கிய ஒரு கோடு. அதை வெட்டியெடுத்துப் பழைய கணக்கில் போட்டேன். திரும்பத் திரும்ப ஓட்டினால் கூர்மை கூடும், நிழலும் கூடும். எங்கே நிறுத்துவது என்பது கண் பார்த்துச் சொல்வதுதான். கடைசியில் வந்தது ஒன்றும் அழகான படம் இல்லை. தோளைச் சுற்றி இரட்டைக் கோடு, பந்தல் விளக்குகளைச் சுற்றி வளையம், முகமெல்லாம் பொடிப் பொடியாக நாய்ஸ். ஆனால் மேல் உதட்டுக்குக் கீழே, முன்பல் இருக்கும் இடத்தில், நாலைந்து பிக்சல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு நின்றது. படத்தை ஆட்டிய கை எதுவோ, அந்தக் கையின் பாதையைக் கழித்தபோது மிச்சம் வந்தது அது.

செயலியில் செய்ததை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மாலை போட்டு மாட்டுவதற்கு எல்லாருக்கும் பிடித்த படமாக இருக்கட்டும் என்று அக்காவின் மகன் வாதாடினான், அதிலும் நியாயம் இருக்கிறது. கூடத்தில் மாட்டியிருப்பது அதுதான், பல் வரிசையோடு. என்னிடமிருந்து வாங்கிப் போனதை அக்கா கூடப்பிறந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கோலாலம்பூரில் இருக்கும் தம்பி உடனே எழுதினாராம், இன்னும் கொஞ்சம் தெளிவாக்க முடியாதா என்று. அக்கா என்னைக் கேட்காமலேயே முடியாது என்று பதில் போட்டுவிட்டார்.